சுற்றுச்சூழற் கல்வியும் நம் தண்ணீரும்



பட்டம் பெற்ற நம் பிள்ளைகளிற் சிலர், சுற்றுச்சூழல் விஞ்ஞானமும் அது பற்றிய அரசுக் கொள்கையும் சேர்த்துப் போதிக்கும் மேற்பட்ட வகுப்பிற் சேர விரும்புகின்றனர். “அது சோறு போடுமா?” என்பதே வீட்டில் எழும் முதற் கேள்வி. நியாயமான கேள்வியே. விடை கூறுமுன் நம் தண்ணீரைச் சற்று நோக்குவோம்.

1895-இல் பெரியாற்று நீர் வைகைக்குத் திரும்பிற்று; மேலூர்ப் பக்கம் நஞ்சை பெருகிற்று. உசிலம்பட்டிச் சீமையின் பெரும்பகுதியோ வானம் பார்த்த பூமியாகவே நின்றது. நெடுநாள் மன்றாடிப் பெற்றதே ஐம்பத்தெட்டு கிராமக் கால்வாய். அதன் பாசனம் 2,285 ஏக்கர். அவற்றுள் 1,912 ஏக்கர் நம் வட்டத்தைச் சார்ந்தது. வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. நீர் 67 அடியை எட்டினாலன்றி நமக்குத் திறப்பதில்லை. அவ்வளவைக் குறைக்கவேண்டுமென்று நம் விவசாயிகள் மனுவும் கொடுத்தனர், மறியலும் செய்தனர்.

இனி, அதிகாரிகள் முன் அமர்ந்து இவ்வெண்ணைப் பற்றி வாதாட நம்மவர் யார் உளர்? 1959-இல் திறந்த அணையில் வண்டல் படிந்துள்ளது. அன்று 67 அடியில் நின்ற நீர் இன்று அதே 67 அடியில் நில்லாது. இதைக் கணக்கிடுவது விஞ்ஞானம். இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பழைய பாசனங்கட்கு வைகை நீர் 7:3:2 என்று பங்கிடப்பட்டிருக்கிறது. நாம் கூடுதலாகக் கேட்பது கீழேயுள்ளவர் வாய்க்காலையும் தொடும். அதை நேர்மையாக எதிர்கொள்வது கொள்கை. ஒன்று மட்டும் கற்றவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-இல் அவ்வூரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அப்பகுதியையும் வளைத்துக்கொண்டது. ஜனங்கள் திரண்டெழுந்தனர், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. கிளர்ச்சியின் வலிமை பெரிதுதான். எனினும் அங்குள்ள உயிர்களும் சுனைகளும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முன்னமே பதிவாகியிருந்தமை ஜனங்களின் கைக்கு வாய்த்த ஆயுதமாயிற்று.

இப்படிப்பு நம் நாட்டிற் பெரும்பாலும் ஈராண்டு. மதுரை காமராசர் சர்வகலாசாலையில் சுற்றுச்சூழல் பயிற்றும் துறை உண்டு. தில்லியில் டெரி நிறுவனம் உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலை இவ்விரண்டையும் பன்னிரண்டு மாதத்திற் கற்பிக்கிறது. கட்டணம் கேட்டால் மயக்கம் வரும்! உத்தியோகம்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலைகள், ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் ஆகியவற்றில் உண்டு. ஆனால் வைத்தியம், கணினி போல உடனே கிட்டுவதன்று. இதை மறைத்து ஆசை காட்டுதல் பிழை. கையில் ஒரு விஞ்ஞானப் பட்டமும், பொறுமையும், கணக்கில் அச்சமின்மையும் உள்ளவரே இதனை நாடுக.

அயல்நாடு செல்ல விழைவோர் ஒன்றை அறிக. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத் திட்டத்தின் 125 இடங்களில் சீர்மரபினர் முதலியோர்க்கு 6 இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அண்மை ஆண்டுகளின் விதிப்படி குடும்ப வருமானம் 8 லட்சத்திற்கு மேற்படலாகாது, வயது முப்பத்தைந்துக்குட்பட்டிருக்கவேண்டும், மதிப்பெண் நூற்றுக்கு 60 வேண்டும். ஆறே இடம், தேசமுழுமைக்கும்! ஆதலால் மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் செல்லத்தக்க சாதிச் சான்று தம்மிடம் உள்ளதா என்பதைத் தாலுகா கச்சேரியில் இம்மாதமே விசாரித்துக்கொள்க.