பழைய காரின் மேனி



ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் என்றவுடன் ஆடிப்பூரத்தன்று வடம் பிடித்து இழுக்கப்பெறும் ஆண்டாள் தேரே எவர் நினைவிலும் எழும். நான் இன்று பேச முற்படுவதோ, எங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் சிறியதொரு தேரைப் பற்றி. கருநீல நிற அம்பாசடர் கார் அது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில நாட்டு வண்டியின் வழிவந்த இவ்வண்டி, 1950-களின் பிற்பகுதியில் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவாகத் தொடங்கிற்று. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது.

நான் அதைப் பழைய வண்டியாக வாங்கி, ராஜபாளையத்துப் பள்ளிக்கு நாள்தோறும் ஓட்டிச் சென்றேன். மாலையில் வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் முழு வண்டியையும் துடைப்பது என் வழக்கம். இதனை ஒழுக்கம் என்று மாணவரிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. சில ஆண்டுகளில் கருநீலம் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பின் ஒரு பட்டறையில் காட்டியபோது, முற்றிலும் புதிதாக வர்ணம் அடிக்க 45,000 ரூபாய் கேட்டார்கள். மகளின் திருமணக் கடன் தீராத நேரம். ஓய்வூதியத்தில் அத்தொகைக்கு இடமில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட எண்ணினேன். வயது முதிர்ந்த பெயின்டர் ஒருவர் பானெட்டின் மேல் விரலை அழுத்தித் தேய்த்து, விரலில் ஒட்டிய நீலத்தைக் காட்டினார். “உள்ளே வர்ணம் உயிரோடுதான் இருக்கிறது சார், மேல்தோல்தான் செத்துவிட்டது” என்றார்.

அவர் கூறியதன் காரணத்தை நீங்கள் அறிதல் வேண்டும். மழமழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். கீறல் விழுந்த பரப்பு அதனைச் சிதறடிக்கும். அச்சிதறலே நம் கண்ணுக்கு மங்கலாகத் தோன்றுகிறது. சாலைத் தூசியில் குவார்ட்சு மணல் கலந்திருக்கிறது. வைரத்துக்கு 10 என வகுத்த மோஸ் அளவில் அதன் கடினம் 7. உலர்ந்த துணியால் துடைத்த நான், உண்மையில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் மீதி வேலையைச் செய்தன.

ஆகவே முதலில் நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாக நீரூற்றித் தூசியை இறக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசுவதற்கான வெறும் நீர். துணிக்குப் போடும் சலவைத்தூள் ஆகாது. அது காரத்தன்மை உடையது, மெழுகையும் நீக்கிவிடும். சூடேறிய பானெட்டின்மேல் ஆழ்குழாய் நீர் காய்ந்தால் அதன் உப்பு வெண்புள்ளிகளாகப் படியும்; எனவே உடனே பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுப்பது நலம். பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன்மேல் இட்டு ஊறவைத்தால் தானே நெகிழ்ந்து வரும். மண்ணெண்ணெய் தடவி மினுக்குவோர் உண்டு. அம்மினுக்கு ஒரு நாளைக்குத்தான். மறுநாள் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும்.

அடுத்தது ரப்பிங் காம்பவுண்டு. ஓரடிச் சதுரமாக எடுத்துக்கொண்டு, ஈரத்துணியால் மெல்லத் தேய்க்க, செத்த மேல்தோல் கழன்று துணி நீலமாயிற்று. பழைய வண்டியில் வர்ணமே மேல்பூச்சாக இருப்பதால் இவ்வாறு நிகழ்கிறது. புதிய வண்டிகளில் வர்ணத்தின்மேல் நிறமற்ற மற்றொரு பூச்சு உண்டு, ஆகவே துணியில் நிறம் வாராது. பளபளப்பு திரும்புவதைக் கண்ட ஆசையில் நான் பானெட்டின் நடுவரம்பைச் சற்று அதிகமாகவே தேய்த்துவிட்டேன். மேடான இடங்களில் வர்ணம் மெலிந்திருக்கும் என்று பெயின்டர் எச்சரித்திருந்தார். பிரைமரின் சாம்பல் நிறம் ஓர் அங்குல நீளத்துக்கு வெளிப்பட்டது. பள்ளியில் எத்தனை மாணவரை “அவசரப்படாதே” என்று கடிந்திருப்பேன்!

பிறகு மெழுகு. கடையில் கிடைக்கும் கார் மெழுகு சிலவற்றில் பிரேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு சேர்கிறது. மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு, துடைத்தெடுக்க வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணியை நாலைந்தாக மடித்துப் பயன்படுத்தினேன், மிக மென்மையானது. எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய்க்குள் அடங்கியது. உழைப்பு மூன்று விடுமுறை நாட்கள்.

ஆனால் மினுக்கத்தையே நோக்கிய என் கண், கதவின் அடிப்புறத்தை நோக்கவில்லை. கண்ணாடி வழியே உள்ளிறங்கும் மழைநீர் வடியக் கதவின் கீழே சிறு துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்திருந்தது. நீர் தேங்கி, உள்ளிருந்தே துரு தின்று, ஒருநாள் என் கட்டைவிரல் தகட்டினூடே சென்றது. இரும்பைப் பொறுத்தவரை மங்கல் வெறும் அழகுக்குறை, துருவோ உயிர்க்குறை. அந்தப் பகுதியை வெட்டி ஒட்டுப்போட டிங்கரிங் வேலைக்கு 3,500 ரூபாய் செலவாயிற்று. இப்போது மாதம் ஒருமுறை மெல்லிய குச்சியால் அத்துளைகளைத் திறந்துவிடுகிறேன். சிறு கல் பட்டு வர்ணம் பெயர்ந்தால், துருவை உப்புத்தாளால் நீக்கி, பிரைமரும் வர்ணமும் சிறு தூரிகையால் தொட்டு வைக்கிறேன். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தாளால் போர்த்துவதில்லை. ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும்.

பானெட்டின் நடுவரம்பில் அந்த ஓர் அங்குலத்துக்கு நான் தொட்டுவைத்த நீலம் சற்றே வேறு நீலமாக அமைந்துவிட்டது. என் பேரன் அதனைத் தவறாமல் விருந்தினருக்குக் காட்டுகிறான். ஐப்பசி மழைக்கு முன் அடுத்த மெழுகுப் பூச்சு. துணி பிடிக்க அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.