விலை உயர்ந்ததுதான் சிறந்ததா?

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



திருத்தணியிலிருந்தும் ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்தும் மாரடைப்போடு வருகிறவர்களை வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்பிவைக்கிறோம். அங்கே அடைபட்ட இதய இரத்தக் குழாயைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாயைப் பொருத்துகிறார்கள். அவ்வேளையில் இரத்தம் உறையாதபடி ஊசிமருந்து போடவேண்டும். "ஏழைகளுக்கும் விலை கூடிய மருந்தே கிடைக்கும்படி காணிக்கை தரலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அதற்கு இன்று பதில் சொல்ல விரும்புகிறோம்.

பழைய மருந்து ஹெப்பாரின். 1916இல் அமெரிக்க மருத்துவ மாணவர் ஜே மெக்லீன் கண்டறிந்த பொருளின் வழிவந்தது. விலை குறைவு, அளவு மிஞ்சினால் புரோட்டமின் கொடுத்து முறிக்கலாம். புதியது பைவாலிருடின். அட்டையின் உமிழ்நீரிலுள்ள பொருளை ஒட்டிச் செயற்கையாகச் செய்தது. விலை பன்மடங்கு, முறிமருந்து இல்லை, ஆனால் உடலைவிட்டுச் சீக்கிரம் நீங்கிவிடும்.

எது மேல்? 2014இல் லிவர்பூலில் 1,800க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது ஹெப்பாரினே நல்ல பலன் தந்தது. 2017இல் சுவீடனில் 6,006 பேரிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2022இல் சீனாவில் 6,016 பேரிடம் நடந்த ஆய்விலோ, சிகிச்சைக்குப் பின்னும் சில மணி நேரம் பைவாலிருடினைச் செலுத்தியபோது மரணமும் இரத்தக்கசிவும் குறைந்தன. ஆகவே புதியதைத் தள்ளிவிட முடியாது. ஹெப்பாரின் ஒவ்வாதவர்களுக்கு அது அவசியமும்கூட. எனினும் பலருக்கு ஹெப்பாரின் போதுமானது. தீர்மானம் சிகிச்சை செய்யும் மருத்துவருடையது.

எங்கள் பாரமோ வேறு. ஊசி அன்றோடு முடிந்துவிடும். வீடு திரும்பியபின் ஆஸ்பிரினும், குளோபிடோக்ரல் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்து, மாரடைப்பு வந்தவர்கள் வழக்கமாய் ஓராண்டு சாப்பிடவேண்டும். நெசவாளரும் கரும்பு வெட்டுகிறவரும் வலி நின்றதும், கையில் காசில்லாதபோதும், மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மீண்டும் அடைத்துக்கொள்ளலாம். அது உயிரையே பறித்துவிடும். எனவேதான் தமிழிலும் தெலுங்கிலும் பொறுமையாய்ச் சொல்லி அனுப்புகிறோம்.

நல்ல சமாரியன் காயங்கட்டியதோடு நின்றுவிடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, பின்னால் ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றான். அந்தப் பின்செலவுக்காகவே உங்கள் காணிக்கையைக் கேட்கிறோம். ஒரு நோயாளியின் ஒரு மாத மாத்திரைக்கு உதவினாலும் அது பெரிய ஊழியம். இவர்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக!