சிரிக்க வைக்கும் பிழையும் வழக்கைச் சாய்க்கும் பிழையும்

மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



இங்கிலீஷில் தப்பு வந்துவிடுமோ என்கிற பயத்திலேயே நம்ம பிள்ளைகள் பலர் வாயைத் திறப்பதில்லை. ‘ஹி டோன்ட் நோ’ என்றால் வகுப்பே சிரிக்கிறது. ‘டஸன்ட்’ என்று வரணும், அவ்வளவுதான். ‘டிஸ்கஸ்’ என்றாலே ஒன்றைப் பற்றிப் பேசுவது. பின்னால் ‘அபவுட்’ வேண்டாம். நான் வேலை பார்க்கிற வங்கிக் கவுண்டரில், கடன் வாங்குகிற ‘பாரோ’வையும் கடன் கொடுக்கிற ‘லெண்ட்’டையும் மாற்றி எழுதிய விண்ணப்பங்கள் வருவதுண்டு. யார் யாரிடம் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரியாமலா போகிறது? இதெல்லாம் நாலு நாளில் திருத்திக்கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டிய குழப்பம் வேறே.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே, அதில் சாதி இழிவு பற்றிய பிரிவில் வருகிற சொல் ‘பப்ளிக் வியூ’. அதைப் ‘பப்ளிக் பிளேஸ்’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பிளேஸ் என்றால் பொது இடம். வியூ என்றால் பொதுமக்கள் பார்வை. ஆண்டையின் களத்தில் வைத்துத் திட்டினால் அது அவருடைய பட்டா நிலம், பொது இடம் இல்லை. ஆனால் ரோட்டில் போகிறவர் கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா? 2008இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்தே சொன்னது: தனியார் வீட்டுப் புல்வெளியானாலும் சாலையிலிருந்து பார்க்க முடிந்தால் அது பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடம்.

இன்னொன்று, இலக்கணம் சரியாக இருந்தும் காலை வாருகிற வாக்கியம். ‘மை பிரதர் வாஸ் பீட்டன்.’ தம்பி அடிக்கப்பட்டான். பரீட்சையில் முழு மார்க். அடித்தவன் எங்கே? பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் செய்தால்தான் இந்தச் சட்டப்படி குற்றம். அடித்தவன் இன்னார், இன்ன சாதி என்று எழுதாத புகார் கோர்ட்டில் நிற்காமல் போயிருக்கிறது. செயப்பாட்டு வினையில் ஆள் ஒளிந்துகொள்கிறான். அவனை எழுவாயாக்கி முன்னால் நிறுத்துங்க.

புகாரைத் தமிழிலேயே கொடுங்க. ஹைகோர்ட் போகும்போது அது இங்கிலீஷாகும். அந்த மொழிபெயர்ப்பை ஒரு நகல் வாங்கி, சொல் சொல்லாகப் படித்துப் பாருங்க. நீங்க கற்ற இங்கிலீஷுக்கு முதல் வேலை அதுதான்.