பேரூருக்கு ஒரு பகற்பொழுது

மதுரைக்கோ தஞ்சைக்கோ யாத்திரை புறப்பட அவகாசமில்லாத தம்பதியர், கோவைக்கு மேற்கே நொய்யலாற்றங்கரையிலுள்ள பேரூருக்கு டவுன் பஸ்ஸிலேயே போய் வரலாம். அங்குள்ள பட்டீசுவரர் கோயிலில் 17-ஆம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கர் எழுப்பிய கனகசபையில், யானைத்தோலை விரித்துப் பிடித்த கஜசம்ஹாரமூர்த்தியையும், விதானத்தில் தொங்கும் கற்சங்கிலியையும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், வலித்தால் வலிக்கட்டும்!

பொருள் வேண்டி வரும் சுந்தரருக்குக் கொடுக்கக் கையில் ஏதுமில்லாத பட்டீசுவரர், பச்சைநாயகி அம்மையோடு வயலிலிறங்கி நாற்று நட்டு ஒளிந்துகொண்டாரென்றும், ரகசியத்தைக் காட்டிக்கொடுத்த நந்தியை மண்வெட்டியால் அடித்தாரென்றும் சொல்லும் ஸ்தலபுராணத்தின்படி, ஆனி மாதத்தில் நாற்று நடவு உத்ஸவம் இன்றும் விமரிசையாக நடைபெறுகிறது. கடன்காரருக்கு அஞ்சி ஒளிகிற குடியானவனைப் போலவே கடவுளையும் கற்பித்த கொங்குநாட்டுக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது. உச்சிப்பொழுதுக்குப்பின் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.