தாயின் ஈரலும் விற்றமின்களும்



பித்தநீரைச் சுரப்பது, கொழுப்பை ஆக்கி இரத்தத்திற் செலுத்துவது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களைச் செய்வது ஆகிய யாவும் ஈரலின் தொழில்கள். பெண் கருவுற்றதும் இத்தொழில்கள் இரண்டு உயிர்களின் பொருட்டு நடைபெறுகின்றன.

முதலில் இரத்தக் கொழுப்பை நோக்குவோம். கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் தாயின் இரத்தத்திற் கொலஸ்திரோல் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை கூடும். திரைகிளிசரைட்டு என்னும் கொழுப்பு இரண்டு மூன்று மடங்காகவும் உயரும். இது நோயன்று. கர்ப்பத்தைக் காக்கும் ஓமோன்கள் சிலவற்றை நச்சுக்கொடி கொலஸ்திரோலிலிருந்தே ஆக்குகிறது. ஆதலின் சோதனைத் தாளிற் பெரிய எண்ணைக் கண்டதும் எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் முற்றாக விலக்கவேண்டுவதில்லை.

ஏனெனில் ஏ, டீ, ஈ, கே ஆகிய நான்கு விற்றமின்களும் கொழுப்பிற் கரைவன. பித்தநீரின் துணையோடு குடலிலிருந்து உடலிற் சேர்வன. டென்மார்க்குத் தேசத்து அறிஞர் ஹென்றிக் டாம், 1929ஆம் ஆண்டளவிற் கொலஸ்திரோலைப் பற்றி ஆராயும் பொருட்டுக் கோழிக்குஞ்சுகளைக் கொழுப்பு நீக்கிய தீனியில் வளர்த்தார். குஞ்சுகளின் தோலின் கீழ் இரத்தம் கசிந்தது. இரத்தம் உறையத் தாமதித்தது. தீனியில் விடுபட்ட பொருளே பின்னர் விற்றமின் கே எனப் பெயர் பெற்றது. இக்கண்டுபிடிப்புக்காக 1943ஆம் ஆண்டின் நோபெற் பரிசு அவருக்கும் அமெரிக்க அறிஞர் எட்வேட் டொய்சிக்கும் உரியதாயிற்று.

கர்ப்பகாலப் பித்தத்தேக்கம் என்னும் நோயிலும் இக்குறை நேரலாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரிக்கும், தோலிலே தடிப்பிராது. பித்த அமிலங்கள் இரத்தத்தில் மிகும். அவை ஒரு லீற்றருக்கு 100 மைக்குரோமோலை எட்டினால், குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் உயர்கிறதென 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பித்தம் குடலுக்குச் செல்வது குறைந்து விற்றமின் கே போதாமற் போனால், பேற்றின்போது இரத்தப்பெருக்கு மிகலாம். மருத்துவர் சோதித்து அவ்விற்றமினைக் கொடுப்பின் இரத்தம் உறையும் தன்மை விரைவில் மீளும்.

இதனின் வேறானது, ஈரலிற் கொழுப்புப் படிந்து அது திடீரெனச் செயலிழக்கும் நோய். இதனை ஷீஹன் என்னும் ஆங்கில மருத்துவர் 1940இல் விளக்கினார். இங்கே இரத்தக் கொலஸ்திரோல் உயர்வதற்குப் பதிலாகத் தாழ்கிறது. அதனை ஆக்கும் ஆற்றலை ஈரல் இழந்துவிட்டது. விற்றமின் கே கொடுத்தாலும் போதிய பயனில்லை. முன்னையதில் மூலப்பொருள் குறைந்தது. பின்னையதில் ஆலையே பழுதுற்றது. தாமதமின்றிப் பிள்ளையைப் பெறுவிப்பதே இதற்குப் பரிகாரம். கடைசி மாதங்களில் ஓயாத வாந்தி, வயிற்றுநோ, மயக்கம், கண்ணில் மஞ்சள் தோன்றின், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அசுத்த நீராற் பரவும் ஈரலழற்சியும் உண்டு. 1955-56இல் யமுனை நீர் மாசுற்று டில்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்குச் செங்கமாரி கண்டது. பிற்காலத்தில் ஈ வகை எனப்பட்ட இக்கிருமி கர்ப்பிணிகளையே மிகக் கொடுமையாகத் தாக்குவது. கொதித்தாறிய நீரே இதற்குக் காப்பு.

தாய்மார்களே, முருங்கையிலையும் பொன்னாங்காணியும் சிறிது எண்ணெயோடு சமைத்து உண்ணுங்கள். ஆனால் சத்து என்று எண்ணி மீனெண்ணெயையும் விற்றமின் ஏ குளிசைகளையும் மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள்; மிகுந்த ஏ கருவுக்குக் கேடு. செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லிச் சாறும் கடும்பத்தியமுமாக நாட்களைப் போக்குவது அதனினும் பெரிய கேடு.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால், 2009ஆம் ஆண்டில், மருந்து அரிதான தற்காலிக மருத்துவமனையிற் காயம்பட்டோரும் கர்ப்பிணிகளும் ஒருங்கே காத்துக்கிடந்த ஊர். அன்று நாடுவதற்கு உதவி இல்லை. இன்று வீடு தேடி வரும் மருத்துவமாது இருக்கிறார். மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஆகவே உள்ளங்கை அரிப்பைச் சூடென்று ஒதுக்காது, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவ்வொரு வார்த்தை இரண்டு உயிர்களைக் காக்கக்கூடும்.