மருட்கையும் அச்சமும்: கண்டி மலைகளும் ஓவியரும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவைக் கணவாயை அணுகியதும் தம்மையறியாமலே பேச்சை நிறுத்துவதுண்டு. ஒருபுறம் செங்குத்தான பாறை. மறுபுறம் மூடுபனி தவழும் பெரும்பள்ளம். அவ்வேளை உள்ளத்தில் எழுவது வெறும் அழகுணர்ச்சியன்று.

எட்மண்ட் பேர்க் என்னும் அறிஞர், 1757இல் வெளியிட்ட நூலில், இவ்வுணர்ச்சியை அழகினின்றும் வேறாக்கி ஆராய்ந்தார். பேருருவும் இருளும் எல்லையின்மையும் அச்சம் தருவன. அவ்வச்சத்தினுள்ளேயே ஓர் இன்பமும் உண்டு என்றார். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்தார். அவ்விரண்டும் கலக்குமிடமே மேனாட்டு ஓவியர் நாடிய இடம். ஆயினும் பேர்க் ஒரு வரம்பும் விதித்தார்: ஆபத்து மிக அண்மையில் நெருங்குமாயின் இன்பமில்லை, காண்பவன் சற்றே எட்டி நிற்றல் வேண்டும்.

கண்டி வரலாறு இவ்வரம்பின் உண்மையைக் காட்டுகின்றது. 1803இல் கண்டியிற் புகுந்த ஆங்கிலப் படை அங்கே அழிந்தது. அந்நாளில் இம்மலைகள் ஆங்கிலேயருக்கு அச்சம் மட்டுமே. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1819இல் லிட்டில்ரன் என்பார் வரைந்த இலங்கைக் காட்சிகள் இலண்டனில் அச்சேறின. பின்னர்ப் பாறையைக் குடைந்து பாதை அமைந்தது. 1832இல் தபால் வண்டியும் ஓடியது. வண்டியில் அமர்ந்து நோக்கியவருக்குப் பள்ளத்தாக்கு இன்பக் காட்சியாயிற்று.

பெல்பாஸ்ற் நகர ஓவியர் அந்திரூ நிக்கொல் 1846இல் இலங்கைக்கு வந்து, கொழும்பிலே சித்திரம் கற்பித்தார். 1848இல் அவர் உள்நாட்டுக் காடுகளை வரையச் சென்றிருந்தபோது மாத்தளையிலே கிளர்ச்சி மூண்டது. கண்டியில் இராணுவச் சட்டம் விதிக்கப்பட்டது. 1852இல் அவர் எழுதிய பயணக் கட்டுரையில் வனத்தின் எழிலும் உயிரச்சமும் அடுத்தடுத்து வருகின்றன. எட்டி நிற்கும் வசதி குலைந்ததும் மருட்கை நீங்கி அச்சமே எஞ்சுகின்றது.

அவ்வசதி என்றுமே கிட்டாதவரும் அக்காலத்தில் இருந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர்.

மலையின் உயரத்தைப் புலப்படுத்த, அதன் அடியிலே ஒரு சிறு மனித உருவைத் தீட்டுவது அக்கால ஓவியர் மரபு. படத்தைக் காண்போர் கண் சிகரத்தை நோக்கியே செல்லும். அச்சிற்றுருவிலும் கண் சிறிது தங்குமாயின், அம்மலையின் உண்மையான உயரம் விளங்கும்.