பஸ் ஏறிப் போய் ஒரு மலை, ஓர் ஏரி

தோட்டப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது எழுதச் சொல்லும் கட்டுரை ஒன்று உண்டு. 'நான் சென்ற சுற்றுலா' என்பது அதன் தலைப்பு. முப்பது பிள்ளைகள் எழுதினால் இருபது கட்டுரைகள் ஒன்றுபோலவே இருக்கும். பேருந்து காலையில் புறப்படும், பறவைகள் இனிமையாகப் பாடும், மாலையில் எல்லாரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்கள். எங்கே போனார்கள், என்ன பார்த்தார்கள் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பிள்ளைகள் எங்கும் போகவில்லை. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

'சுற்றுலாவுக்குக் காசுக்கு எங்கே போவது?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கார் வாடகை, விடுதி வாடகை என்று கணக்குப் போட்டால் தோட்டத்துச் சம்பளம் தாங்காது. ஆனால் பஸ் கட்டணமும் கட்டுச்சோறும் இருந்தால் போய் வரக்கூடிய மலைகளும் ஏரிகளும் நம் நாட்டில் உண்டு. கெடாவிலும் செபராங் பிறையிலும் வட பேராக்கிலும் உள்ள குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஓர் இடத்தைப் பற்றி இன்று பேசுவோம். அது பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா. 2003ஆம் ஆண்டில் அரசாங்கம் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

போகும் வழி சுலபம். பட்டர்வொர்த் வரை பஸ்ஸிலோ இரயிலிலோ வந்து, பெர்ரி ஏறிக் கடலைக் கடந்தால் அக்கரையில் இறங்கும் இடத்திலேயே பஸ் நிலையம் இருக்கிறது. 101ஆம் எண் பஸ் கொம்தார், தஞ்சோங் தோக்கோங், பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பாஹாங் போகிறது. கடலோரமாகவே வளைந்து வளைந்து போகும் சாலை. பயணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். வாந்தி வரும் பிள்ளையை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பூங்கா வாசலில் உள்ள அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, கேட்கும் கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். பெயர் எழுதுவதை வீண் வேலை என்று நினைக்காதீர்கள். மாலையில் யாராவது திரும்பவில்லை என்றால் தேடுவதற்கு அந்த ஏடுதான் ஆதாரம்.

வாசலிலிருந்து சிறிது தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்புறம் கடற்கரையோரமாகப் போவது. இடப்புறம் குன்றின் மேல் ஏறி, மறுபக்கம் கெராச்சுட் கடற்கரையில் இறங்குவது. நாம் சொல்வது இந்த இரண்டாவது பாதையை. ஒரு வழிக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். பிள்ளைகளோடு நடந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் தோட்டத்துத் தாய்மார்கள் சிலர் சொல்வது நம் காதில் விழுகிறது: "ஐந்நூறு மரத்துக்கு விடியக்காலையில நடந்து கால் ஓயுது. ஞாயித்துக்கிழமையும் காட்டுல நடக்கச் சொல்றீங்களே, வாத்தியாரையா?" அவர்கள் சொல்வது உண்மை. ஆயினும் அந்த நடையில் பிள்ளைகள் கூட வருவதில்லையே. அப்பா அம்மா வேலையிலிருந்து களைத்து வருவதைத்தான் பிள்ளை பார்க்கிறது. அவர்களுக்கு என்னென்ன தெரியும் என்பதைப் பார்ப்பதில்லை. காட்டுப் பாதையில் அது தெரிய வரும். எந்த வேர் வழுக்கும், எந்தச் செடி அரிக்கும், சருகுக்குள் சரசரப்பது ஓணானா பாம்பா என்று பட்டணத்து மனிதரைக் காட்டிலும் பால்மரம் வெட்டுகிறவருக்கு நன்றாகத் தெரியும். இந்தக் காட்டில் ஜெலுத்தோங் மரம் உண்டு. பினாங்கில் ஜெலுத்தோங் என்று ஓர் ஊரே இருக்கிறது. ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்த மரம். ஜெலுத்தோங்கோ இந்த மண்ணின் மரம். அதற்கும் பால் உண்டு. மெல்லும் 'சுவிங்கம்' செய்ய அந்தப் பாலை ஒரு காலத்தில் வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். தேசியப் பூங்காவில் மரத்தைக் கீறுவது குற்றம்; கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வாயால் விளக்கினால் போதும். பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபின், தகப்பன் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லக் கூசுகிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அவசியம் கூட்டிப் போங்கள்.

குன்றைத் தாண்டி இறங்கினால் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஏரி. பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். அதன் விசேடம் தண்ணீருக்குள் இருக்கிறது. மேலே இருப்பது காட்டு ஓடைகள் கொண்டுவரும் நல்ல தண்ணீர், கீழே இருப்பது கடலிலிருந்து ஏறிவந்த உப்புத் தண்ணீர். இரண்டும் ஒரே குழியில் இருந்தும் கலப்பதில்லை. இன்னும் ஒரு வேடிக்கை: மேல் தண்ணீர் குளிர்ச்சி, அடித் தண்ணீர் வெதுவெதுப்பு. சூடான தண்ணீர் மேலே எழும்பும் என்றுதானே பாடப் புத்தகம் சொல்கிறது? இங்கே உப்பின் கனம் அதை எழும்ப விடாமல் அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஏரிகளின் அடித்தட்டுக்குக் காற்று எட்டாது. ஆகையால் அங்கே மீன்கள் வாழ்வது அரிது.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, நாலு தேக்கரண்டி உப்பைப் போட்டு நன்றாகக் கரையுங்கள். ஆறிப்போன கறுப்புக் காப்பியை, தேக்கரண்டியின் முதுகில் படும்படி மெல்ல மெல்ல அதன் மேல் ஊற்றுங்கள். காப்பி மேலேயே நிற்கும். சீனி போட்ட காப்பியாக இருக்கக் கூடாது. சீனியும் தண்ணீரைக் கனமாக்கிவிடும், சோதனை பலிக்காது. இதை வகுப்பில் செய்து காட்டினால் குறும்புக்காரப் பையன்கள்கூட அசையாமல் நிற்பார்கள்.

ஆனால் ஒன்று. இந்த ஏரி பருவத்துக்குப் பருவம் மாறுவது. சில மாதங்களில் வற்றி வெறும் சேறாகக் கிடக்கும். அப்படியிருந்தால் பிள்ளைகள் முகம் வாடும். நாம் அதையும் பாடமாக்கலாம். தண்ணீர் எங்கே போயிற்று என்று அவர்களையே கேளுங்கள்.

கடற்கரையில் 1995இல் தொடங்கிய ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பச்சை ஆமைகள் இட்ட முட்டைகளைச் சேகரித்து, மணலில் பாதுகாத்துப் பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறார்கள். மணலில் சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள் மிகுதியாகப் பிறக்கும், சூடு குறைந்தால் ஆண் குஞ்சுகள். கடலில் மட்டும் இறங்க வேண்டாம். நீரோட்டமும் உண்டு, சொறி மீனும் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இம்மாதிரிப் பயணம் என்றால் பையன்கள் கிளம்பிவிடுவார்கள். பெண்ணைத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் விட்டுவிடுவது சில குடும்பங்களில் வழக்கம். அவளுக்கும் அதே கட்டுரைதான், அதே தேர்வுதான். குடும்பமாகப் போகும்போது பயமும் இல்லை. இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் சின்னப் பிள்ளைகளை மாறி மாறித் தூக்கிக்கொள்ளலாம்.

வேறொரு பாதையும் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி 513 படிகளையும் எண்ணியவர்கள் நம்மில் பலர். அந்தக் கோயிலுக்கு அருகிலேயே 1884இல் அமைத்த தாவரப் பூங்கா இருக்கிறது. 10ஆம் எண் பஸ் அங்கே போகிறது. அதன் வாசலிலிருந்து ஜீப் சாலை வழியாக ஐந்து கிலோமீட்டர் ஏறினால் பினாங்குக் கொடிமலை. நல்ல செங்குத்து; சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஏறியவர்கள் மலை இரயிலில் இறங்கி, ஆயர் ஈத்தாமிலிருந்து 204ஆம் எண் பஸ்ஸில் திரும்பலாம்.

எங்கே போனாலும் ஆளுக்கு ஒரு புட்டித் தண்ணீர் கட்டாயம். புளிச்சோறும் அவித்த முட்டையும் போதும். ஆனால் பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துக்கொள்ளும், தோள்பைக்குள் வையுங்கள். செருப்பு வேண்டாம், வேலைக்குப் போடும் ரப்பர் சப்பாத்து வழுக்காது. இடி இடித்தால் மேலே போகாமல் திரும்பிவிடுங்கள். மதியம் ஒரு மணிக்குக் கெராச்சுட்டிலிருந்து புறப்பட்டால் மூன்று மணிக்கு வாசல், ஐந்து மணிக்குள் பெர்ரி. உங்கள் தோட்டத்துப் பக்கம் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் முன்புபோல அடிக்கடி பஸ் இல்லை.